டிஎக்ஸ் வேகனின் முன் ஸ்ரட்டுக்குள் புதுக் காட்ரிஜ் பூட்டிய விபரம்

இலங்கைத் தெருக்களில் "டிஎக்ஸ் வேகன்" என்றால் மேலதிக விளக்கம் வேண்டியதில்லை. 1979 இல் வந்த ரொயோட்டா கொரோலா எழுபதாம் வரிசையின் நீண்ட பின்பக்கம் கொண்ட வண்டி அது. அதே வரிசையின் கார்கள் 1983 உடன் நின்றுபோனாலும் வேகனை 1987 வரை செய்துகொண்டிருந்தார்கள். என்னிடம் உள்ளது கேஈ72 மொடல். 1290 சிசி 4கே எஞ்சின், முன்னுக்கு ஸ்ரட் (சொக் அப்சோபரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னுக்கு பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபின், இப்படியான பழைய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பது வெறும் ஆசைக்காகச் செய்கிற வேலை இல்லை என்றாகிவிட்டது. 2025 இல் தடை நீங்கியபோதும் புது வண்டிகளின் விலையும் வரியும் அந்த நிலையைப் பெரிதாக மாற்றவில்லை. இருக்கிறதைத்தான் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

முன்பக்கம் இரண்டும் சரியில்லை என்பது ஓடும்போதே தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நோய் வேறு. யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போகும்போது இடப்பக்க மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனியும். இடது ரயரின் மேற்பரப்பைக் கையால் தடவினால் ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருந்தது. சொக் அப்சோபர் அடக்காத சில்லு தெருவில் துள்ளித் துள்ளி ஓடினால் ரயர் அப்படித்தான் தேயும். வலப்பக்கம் துள்ளவில்லை, நன்றாக அடங்கியது. ஆனால் கோண்டாவில் ரயில் கடவையில் ஏறினால் "டக், டக்" என்று இரும்போடு இரும்பு முட்டுகிற சத்தம். பொனற்றின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கிற பழைய சோதனையிலும் அதுவே தெரிந்தது. இடது மூலை விட்ட பிறகும் ஆடியது, வலது மூலை ஒரே தரத்தில் நின்றது.

வலப்பக்கச் சத்தத்துக்கு போல் ஜொயின்ற், கீழ்க் கை புஷ், ஸ்ரெபிலைசர் புஷ் என்று சில்லைத் தாங்குகிற அசையும் மூட்டுகள் எல்லாவற்றையும் முதலில் பார்த்தேன். கம்பி விட்டு நெம்பியும் எதிலும் ஆட்டம் இல்லை. மேல் மவுண்ட் ரப்பரும் வெடிக்கவில்லை. மிச்சம் இருந்தது ஸ்ரட்டின் உட்பகுதி மட்டும்.

என்ன செய்யலாம் என்று விசாரித்தால் மூன்று வழி சொன்னார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்ரட் முழுதாக வாங்கலாம். அதுவும் நாற்பது வருடம் பழையதுதான், உள்ளே என்ன நிலை என்று தெரியாமல் காசு கொடுக்க வேண்டும். இருக்கிற ஸ்ரட்டைத் திறந்து புது சீல் போட்டு ஒயில் மாற்றலாம். தண்டின் குரோம் பூச்சு கீறாமல் இருந்தால் ஒழுகல் நிற்கும், ஆனால் உள்ளே தேய்ந்த பிஸ்டனும் அடி வால்வும் தேய்ந்தபடியே இருக்கும். மூன்றாவது, உள்ளுறுப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, தன் ஒயிலோடு மூடி வருகிற புதுக் காட்ரிஜ் ஒன்றை அந்தக் குழாய்க்குள் இறக்குவது. குமிழ்முனைப் பேனைக்கு றீபில் மாற்றுகிற மாதிரி. நான் அதைத்தான் எடுத்தேன். அதற்குக் காரணம் இந்த ஸ்ரட் செய்யப்பட்ட விதம்.

ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியியலாளரின் யோசனையை 1950 இல் பிரிட்டிஷ் ஃபோர்ட் தன் கொன்சல், செஃபிர் கார்களில் போட்டது. அதற்குப் பிறகு சின்னக் கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் இந்த வழிக்கு வந்துவிட்டது. சொக் அப்சோபரே சில்லைத் தாங்கும் தூணாகவும் இருக்கும், ஸ்பிரிங்கும் அதன் மேலேயே உட்காரும். எழுபதாம் வரிசைக் கொரோலாவில் சில்லு பூட்டுகிற அச்சுத் தண்டும் அந்தக் குழாயின் அடியோடு சேர்ந்தே வருகிறது. குழாயை எறிந்தால் அச்சையும் சேர்த்து எறிய வேண்டும். அதனால் உற்பத்தியாளர்களே குழாயின் வாயில் ஒரு வளைய நட்டைப் போட்டு, அதைக் கழற்றினால் உட்பகுதியை மாற்றலாம் என்ற ஏற்பாட்டோடு செய்தார்கள். பிற்காலத்து வண்டிகளில் ஸ்ரட்டின் வாயையே மூடிப் பற்றவைத்துவிடுகிறார்கள். தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

ஆலையில் இருந்து வரும்போது அந்தக் குழாயே ஒயில் தொட்டி. உள்ளே ஒரு சின்ன உருளை, அதற்குள் பிஸ்டன், அடியில் ஒரு வால்வு, மேலே தண்டுக்கு வழிகாட்டியும் சீலும். காட்ரிஜ்ஜில் இவை எல்லாம் ஒரு மெல்லிய தகட்டு உறைக்குள் அடைபட்டு வரும். அதாவது பழைய குழாய் இனி ஒயிலைத் தாங்குவதில்லை, காட்ரிஜ்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே அதன் வேலை. இந்த ஒன்றை மனதில் வைத்திருந்தால் மற்ற எல்லா வேலையும் எதற்கு என்பது விளங்கும். காட்ரிஜ் எந்த நாட்டில் செய்தது, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. குழாய்க்குள் அது ஆடாமல் இறுகி நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வாங்கும்போது வண்டியின் மொடல் இலக்கத்தை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. இந்த வண்டிகளில் பலதுக்கு வாழ்நாளில் வேறு ஸ்ரட் மாறியிருக்கும். குழாயின் உள்விட்டம், வாயில் இருந்து அடி வரை ஆழம், நட்டின் மரை, தண்டின் மேல்முனை மரை, இந்த நான்கும் பொருந்த வேண்டும். உள்ளே காட்ரிஜ் தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும், அதே நேரம் கலகலவென்று இடம் இருக்கக் கூடாது. ஒயில் மட்டும் உள்ளது, ஒயிலோடு வாயுவும் உள்ளது என்று இரண்டு வகை கிடைக்கிறது. வாயு உள்ளதில் தண்டை அழுத்தி விட்டால் தானாக மேலே வரும். கிடங்கும் பள்ளமுமான தெருவில் ஒயில் நுரைத்து அடக்கம் குறைவது வாயு உள்ளதில் குறைவு. பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போகிற வேகனுக்கு அதுவே நல்லது என்று எடுத்தேன். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் சோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

கழற்றுகிற வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, சட்டத்துக்குக் கீழே ஸ்ராண்ட் கொடுத்தேன். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்கவே கூடாது. பிரேக் கலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங் பக்கமாகக் கம்பியால் கட்டித் தூக்கிவிட்டேன், ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் பிய்ந்துவிடும். இந்த வண்டியில் பிரேக் ஹோஸ் ஸ்ரட்டில் பற்றவைத்த ஒரு சின்னத் தகட்டுக்குள்ளால் போகிறது. பைப்பின் 10 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றாமல் ஹோஸ் வெளியே வராது. அந்த நட்டுக்குத் திறந்த வாய் ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கிவிடும். பிரேக் பைப்புக்கென்றே வருகிற, நட்டை நாலாபக்கமும் பிடிக்கிற ஸ்பானர் வேண்டும். கழற்றியதும் பைப் வாயை ரப்பர் மூடியால் அடைத்தேன். ஹப்பையும் கழற்றி பெயரிங்குகளைக் கழுவி வைத்தேன், எப்படியும் புதுக் கிறீஸ் போட வேண்டிய காலம்தான்.

அடியில் இரண்டு போல்ட் ஸ்ரட்டையும் ஸ்ரியரிங் கையையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவை இரண்டையும் எடுத்தால் போல் ஜொயின்றையும், சில்லைத் திருப்புகிற ரை றொட்டின் முனையையும் தொடாமலே ஸ்ரட் வெளியே வந்துவிடும். கொரோலாவில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இது. ரை றொட்டைக் கழற்றாததால் சில்லின் நேர்ப்பாடும் (அலைன்மென்ற்) அதிகம் மாறாது. மேலே எஞ்சின் அறைக்குள் மூன்று நட். கடைசி நட்டைக் கழற்றும்போது கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பக்கத்து ஒழுங்கையில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணை வந்து பிடித்தார். ஸ்பிரிங்கோடு சேர்த்து நல்ல பாரம்.

இனி ஸ்பிரிங். மேல் நடு நட்டை அப்படியே கழற்றினால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்கிற கொம்ப்ரெசர் இரண்டை எதிரெதிராகப் பூட்டி, ஒவ்வொரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஸ்பிரிங் மேல் தட்டில் இருந்து விலகி கையால் ஆட்டக்கூடியதாக வந்த பிறகுதான் நட்டில் ஸ்பானர் வைத்தேன். மேல் தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதற்குப் பெயின்றால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

இடப்பக்கக் குழாயின் வளைய நட்டில் ஒரு நல்ல மூலையும் மிச்சமில்லை. முந்தி எப்பவோ யாரோ உளியை வைத்து அடித்துத் திருப்பப் பார்த்த அடையாளம். உப்புக்காற்றில் மரை முழுக்கக் கறள். கறள் இளக்கும் ஒயிலை ஊற்றி இரவு முழுக்க விட்டுவிட்டு, அடுத்த நாள் பெரிய பைப் றெஞ்ச் போட்டேன். இங்கே இரண்டு விடயம். குழாயை வைஸில் நடுவில் பிடித்து இறுக்கக் கூடாது. வட்டம் கொஞ்சம் நசுங்கினாலும் பிறகு காட்ரிஜ் இறங்காது. அடியில் ஸ்ரியரிங் கை பூட்டுகிற கட்டியான பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். மற்றது, நட் வரவில்லை என்று காஸ் நெருப்புப் பிடிக்கக் கூடாது. உள்ளே ஒயில் இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது, சூடாக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்தாலே போதும். நீளமான பைப் ஒன்றை றெஞ்ச் பிடியில் செருகி இழுத்ததும் "கிறீச்" என்று ஒரு சத்தத்தோடு இளகியது. உள்ளே ஆலையில் போட்ட உறுப்புகளே இருந்தன. தண்டின் மேற்பகுதியில் குரோம் உரிந்து புள்ளி புள்ளியாகக் கறள், அது ஏறி இறங்கி சீலைத் தின்றிருக்கிறது. பேணியில் ஊற்றிய ஒயில் தார் மாதிரிக் கறுத்து, இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. துள்ளலுக்கு அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

வலப்பக்கம் வேறு கதை. நட் சுலபமாகக் கழன்றது, உண்மையில் அளவுக்கு மீறிச் சுலபமாக. உள்ளே இருந்தது முந்தி யாரோ பூட்டிய ஒரு காட்ரிஜ். அது இந்த வண்டிக்கு உரியது இல்லை, குழாயின் ஆழத்துக்குக் கட்டை. அதை ஈடுசெய்ய அடியில் வொஷர்களை அடுக்கியிருந்தார்கள். வொஷர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, காட்ரிஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நட்டின் விளிம்பு குழாய் வாயில் முட்டியதும் இறுகிவிட்டது என்று நினைத்து விட்டிருக்கிறார்கள். காட்ரிஜ் மட்டும் உள்ளே மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. ரயில் கடவையில் கேட்ட "டக், டக்" அதுதான். குழாய்க்குள் ஒரு துளி ஒயில் கூட இல்லை, தண்ணீர் புகுந்து காட்ரிஜ்ஜின் உறை முழுக்கக் கறள்.

அண்ணை அதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். இன்னும் நன்றாக அடங்கியது. "தம்பி, சாமானில பிழையில்லை, பூட்டினதிலதான் பிழை" என்றார். புது சொக் போட்ட பிறகும் சத்தம் வருகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் எத்தனை பேரின் குழாய்க்குள் இந்த நிலை இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன். நல்ல சாமான் ஒன்று பூட்டிய விதத்தால் கெட்ட பெயர் எடுப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விடயம்.

இரண்டு குழாயையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, நீளமான கம்பி பிரஷ்ஷால் உள்ளே தேய்த்தேன். மரைகளைப் பல் விளக்குகிற பிரஷ் அளவுக் கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு சுற்றாகச் சுத்தம் செய்தேன். ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டையும் இந்த நேரத்தில் பார்க்க வேண்டும். தட்டுக்குள் மண்ணும் உப்புத் தண்ணீரும் தேங்கி, கடற்கரை ஊர்களில் அது ஓட்டை விழுகிற அளவுக்கு அரித்துவிடும். ஸ்குரூட்ரைவர் முனையால் குத்திப் பார்த்தேன், திடமாக இருந்தது. குத்தும்போது உள்ளே போனால் அந்த ஸ்ரட்டை விட்டுவிட வேண்டியதுதான். கறளைச் சுரண்டி ரெட் ஒக்சைட் அடித்து மேலே கறுப்புப் பெயின்ற் கொடுத்தேன்.

பிறகு ஒயில் எதுவும் ஊற்றாமல் வெறுமனே பூட்டிப் பார்த்தேன். இந்த வேலையில் ஒன்றைத் தவிர்க்கவே கூடாது என்றால் அது இதுதான். காட்ரிஜ்ஜை இறக்கி, அதனோடு வந்த புது நட்டைக் கையால் திருகி, பிறகு ஓரளவு இறுக்கிப் பார்க்க வேண்டும். நட்டின் விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால் நட் காட்ரிஜ்ஜைத்தான் அழுத்துகிறது என்று அர்த்தம். இடைவெளியே இல்லாமல் விளிம்பு வாயில் போய் முட்டினால் உள்ளே காட்ரிஜ் இறுகவில்லை. இடைவெளி மிக அதிகமாக இருந்தாலும் நட்டுக்குப் பிடிக்க மரை போதாது.

இடப்பக்கம் மெல்லிய இடைவெளி, சரி. வலப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதைவிட அதிகம். இரண்டு குழாயும் ஒரே ஆழம்தானே, எப்படி? டோர்ச் அடித்துப் பார்த்தால் அடித்தளம் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. ஒரு நேரான கம்பியை இறக்கி இரண்டு குழாயின் ஆழத்தையும் ஒப்பிட்டதும் விளங்கியது. பழைய வொஷர்களில் கடைசி ஒன்று அடியோடு கறளால் ஒட்டி, தளத்தின் ஒரு பகுதி போலவே கிடந்தது. முனை தட்டையாக்கிய கம்பியை வைத்துத் தட்டி அதை எடுத்த பிறகு இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக வந்தது.

உங்கள் காட்ரிஜ் உண்மையிலேயே கட்டையாக இருந்தால் வொஷர் அடுக்காதீர்கள். எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அந்தத் தடிப்புக்கு லேத்தில் ஒரே துண்டாக ஒரு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். காட்ரிஜ்ஜின் அடி வளைவாக இருந்தால் வளையத்தின் நடுவிலும் அதற்கேற்ற குழிவு வேண்டும், அப்போதுதான் நடுவில் நிற்கும். ஒரு லேத் பட்டறையில் அது சின்ன வேலை.

இனி ஒயில். காட்ரிஜ்ஜுக்குள் அதன் ஒயில் இருக்கிறதே, வெளியே எதற்கு என்று கேட்பார்கள். சொக் அப்சோபர் ஸ்பிரிங்கின் துள்ளலைச் சூடாக மாற்றித்தான் அடக்குகிறது. அந்தச் சூடு வெளியே போக வேண்டும். உறைக்கும் குழாய்க்கும் இடையில் வெறும் காற்று இருந்தால் சூடு உள்ளேயே அடைபடும், ஒயில் நீர்த்து அடக்கம் குறையும், சீலும் விரைவில் போகும். இடையில் ஒயில் நின்றால் சூடு குழாய்க்குப் போய்க் காற்றில் கலந்துவிடும். கறளும் பிடிக்காது. சாதாரண எஞ்சின் ஒயிலே போதும். குழாய்க்குள் கொஞ்சம் ஊற்றி, காட்ரிஜ்ஜை மெதுவாக இறக்கினால் ஒயில் சுற்றிவர மேலே ஏறும். வாய்க்கு ஒரு விரல் அளவு கீழே நிற்க வேண்டும். சூட்டில் ஒயில் விரியும், அதற்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பினால் நட்டின் வழியாகக் கசியும். அதைப் பார்த்துவிட்டுப் புதுக் காட்ரிஜ் ஒழுகுகிறது என்று திரும்பக் கழற்றியவர்களும் உண்டு.

நட்டைப் பெட்டிக்குள் இருந்த தாளில் கொடுத்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் றெஞ்ச்சால் இறுக்கினேன். பழைய நட் நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. அதன் உட்படி ஆலையில் வந்த உறுப்புகளுக்கு அளந்து வெட்டியது. இறுக்கும்போது தண்டைக் குறடால் பிடிப்பதும் கூடாது. ஒரு கீறல் போதும், புது சீல் சில மாதத்தில் போய்விடும். தண்டுக்குத் துணி சுற்றி வைத்திருந்தேன்.

ஸ்பிரிங் ஏற்றுமுன் தண்டை முழு நீளத்துக்கு மேலும் கீழும் சில தரம் மெதுவாக ஓடவிட்டேன். கடைத் தட்டில் படுத்துக் கிடந்த காட்ரிஜ்ஜுக்குள் காற்று இடம் மாறி நிற்கும். நிமிர்த்தி வைத்து இப்படி ஓடவிட்டால் காற்று மேலே போய்விடும். தண்டு அடியில் இடிக்காமல் தடுக்கிற, பொடிந்துபோன பம்ப் ஸ்ரொப் ரப்பருக்கும் தூசி உறைக்கும் புதுசு போட்டேன். பழையதை மிச்சம் பிடித்துப் போட்டால் முதல் பெரிய கிடங்கிலேயே புதுக் காட்ரிஜ் அடிபடும். மேல் பெயரிங்கைக் கழுவிக் கிறீஸ் நிரப்பினேன். ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் தட்டில் உள்ள படிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தபிறகுதான் கொம்ப்ரெசரை இளக்கினேன். தண்டின் நட்டை இறுக்க வேண்டிய அளவு அந்தக் காலத்து ரொயோட்டாக்களில் சுமார் 47 நியூட்டன் மீட்டர்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஎக்ஸ் வேகனைத் தாழ்த்தி அகன்ற ரிம் போடுவது பலருக்குப் பிரியம், அழகுதான். ஆனால் வெட்டிய ஸ்பிரிங்குக்கு வழமையான நீளக் காட்ரிஜ் பொருந்தாது. சில்லு முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டை விட்டுக் கழன்று நிற்கும், இறங்கும்போது தண்டு அடியில் போய் இடிக்கும். கட்டையான ஸ்பிரிங் வேண்டுமென்றால் அதற்குக் கட்டையான காட்ரிஜ்ஜே வேண்டும்.

ஸ்ரட் இரண்டையும் வண்டியில் ஏற்றி, ஹப் பெயரிங்கைச் சரிப்படுத்தி, நட் கழலாமல் பிடிக்கிற புது ஊசி போட்டு, பிரேக் பைப்பைப் பூட்டி உள்ளே புகுந்த காற்றை எடுத்தேன். மிதியை மிதிக்கக் கல்லு மாதிரி இறுக்கம் வரும்வரை அதை விடக் கூடாது. கீழ்க் கையில் இளக்கியிருந்த புஷ் போல்ட்களை வண்டியைச் சில்லில் இறக்கிய பிறகுதான் கடைசியாக இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று வெடிக்கும்.

அதே பண்ணைப் பாலம், அதே வேகம். மூக்கு ஒரு தரம் இறங்கி ஏறி நின்றுவிட்டது. கோண்டாவில் கடவையில் ரயரின் சத்தம் மட்டும். பிரேக்கில் குனிவது பாதியாகக் குறைந்தது. ஏற்கனவே அலை அலையாகத் தேய்ந்த ரயர் மட்டும் இன்னும் முனகுகிறது, அதற்கு ரயர்தான் மாற்ற வேண்டும். பின் லீஃப் ஸ்பிரிங்குகளுக்கான சொக் அப்சோபரையும் அப்படியே மாற்றிவிட்டேன். மேலே கீழே இரண்டு பிடிப்புத்தான், அது வேலையே இல்லை.

சில வாரம் ஓடியபின் மேல் மூன்று நட், அடி இரண்டு போல்ட் எல்லாவற்றையும் திரும்பவும் டோர்க் பார்த்தேன். புதிதாக அடித்த பெயின்ற் நசுங்குவதால் அடிப் போல்ட் கொஞ்சம் இளகும், என்னுடையதில் வலப்பக்கம் ஒன்று அப்படி இளகியிருந்தது. வளைய நட்டைச் சுற்றித் துணியால் துடைத்தும் பார்த்தேன், ஒயில் ஈரம் இல்லை. சில்லின் நேர்ப்பாட்டை அதன் பிறகுதான் அளந்து பார்க்கக் கொடுத்தேன். புது ஸ்ரட் உட்கார்ந்து பழகும் முன் அளந்தால் அந்த அளவு நிற்காது.